வடுத் தெரியாத புண்கள்

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போரை நெடுநேரம் காக்க வைக்கும் சொற்கள் சில உண்டு. ஆங்கிலத்தில் 'அப்யூஸ்' என வழங்கும் சொல் அவற்றுள் ஒன்று. அகராதியைப் புரட்டினால் ஏச்சு, வசவு, இழிவுபடுத்தல், துன்புறுத்தல், முறைகேடாகப் பயன்படுத்தல் என்று பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றை எடுத்துக்கொண்டால் மற்றொன்று விடுபட்டுப் போகும். அச்சொல்லின் வேர்ப்பொருள் தவறான பயன்பாடு என்பதே. ஒருவரை நம்பி மற்றொருவர் வாழும் இடத்தில், அந்த நம்பிக்கையையும் அதனால் கிடைத்த அதிகாரத்தையும் தவறாகப் பயன்படுத்துவது என்று அதனை விரித்துக் கொள்ளலாம். பெங்களூரில் நம்மோடு அக்கம்பக்கமாக வாழும் கன்னட மக்கள் இதனைத் 'தௌர்ஜன்ய' என்கின்றனர். துர்ஜனரின் தன்மை என்பது அதன் பொருள். பழி செய்தவர்மேலேயே நிற்கிறது. தமிழில் நாம் வன்முறை என்கிறோம், வன்கொடுமை என்கிறோம். இச்சொற்களைக் கேட்டவுடன் ஓங்கிய கையும் இரத்தக் காயமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கை ஓங்காமல், குரலும் உயர்த்தாமல் செய்யப்படும் கொடுமை இச்சொற்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை.

இதனைச் சொல்லாராய்ச்சி என்று ஒதுக்கிவிடுதல் இயலாது. பெயர் தெரியாத நோயை வைத்தியரிடம் எடுத்துரைப்பது அரிது. பெயரிடப்படாத குற்றத்தை நீதிமன்றத்தில் முறையிட வழியே இல்லை. உடலில் வடுத் தெரியாத புண்ணுக்குச் சட்டமும் மருத்துவமும் எவ்வாறு பெயரிட்டன, அதற்கு எத்தனை காலம் பிடித்தது, அவ்வரலாற்றில் பெங்களூர் நகரத்தின் பங்கு யாது என்பவற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1860ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் தன் 319ஆம் பிரிவில் 'காயம்' என்பதற்கு இலக்கணம் வகுத்தது. உடல்வலி, நோய், உடல் நலிவு ஆகிய மூன்றே அதில் இடம்பெற்றன. மனம் பட்ட துன்பம் அதில் இடம்பெறவில்லை. மணவாழ்க்கை வழக்குகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறியபோது, உயிருக்கோ, உறுப்புக்கோ, உடல் அல்லது மன நலத்துக்கோ ஆபத்து விளைந்தாலன்றி, அல்லது விளையும் என்ற அச்சம் இருந்தாலன்றி, அதனைக் கொடுமை என்று கொள்ள இயலாது என உறுதி செய்தது. மனம் என்ற சொல் அதில் இருந்தது. ஆயினும் ஒருவரின் நலமே குலையும் அளவுக்கு ஆபத்து முற்றிய பின்னரே நீதிமன்றத்தின் கதவு திறக்கும் என்பதுதான் அதன் பயன். நம் நாட்டு நீதிமன்றங்களும் பல்லாண்டுகள் இவ்வளவுகோலையே கையாண்டன.

உடலுக்கு நேர்ந்த கொடுமையைக்கூடச் சட்டம் எளிதில் கண்டுகொள்ளவில்லை என்பதற்கு 1890ஆம் ஆண்டில் கல்கத்தா உயர்நீதிமன்றம் விசாரித்த பூல்மணி வழக்கு சான்றாகும். பூல்மணி பதினோரு வயதைச் சற்றே கடந்த சிறுமி. தன்னினும் மிக மூத்த கணவனின் செயலால் அவள் உயிரிழந்தாள். மனைவி பத்து வயதைக் கடந்தவளாயின் கணவன்மேல் பாலியல் குற்றம் சாட்டச் சட்டத்தில் இடமில்லாமையால், அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனையே கிடைத்தது. நாடெங்கும் எழுந்த விவாதத்தின் பின்னர் 1891ஆம் ஆண்டில் அவ்வயது பன்னிரண்டாக உயர்த்தப்பட்டது. அடுத்த மூன்றாண்டுகளில், சேஷாத்ரி ஐயர் திவானாக விளங்கிய மைசூர் சமஸ்தானம் ஒரு படி முன்சென்றது. எட்டு வயது நிரம்பாத பெண்குழந்தையின் திருமணத்தையும், ஐம்பது வயதைக் கடந்தவர் பதினான்கு வயது நிரம்பாத பெண்ணை மணப்பதையும் 1894ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் தடுத்தது. இன்றைய அளவுகோலில் இது சிறிய அடி. எனினும் வீட்டுக்குள் நடப்பதைக் கேட்கும் உரிமை சமுதாயத்துக்கு உண்டு என்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது.

சட்டம் இவ்வாறு தயங்கி நின்ற காலத்தில், மருத்துவம் வேறொரு வழியாக இப்பொருளை அணுகிக்கொண்டிருந்தது. 1896ஆம் ஆண்டில் வியன்னா நகரத்தில் சிக்மண்ட் பிராய்டு ஓர் உரை நிகழ்த்தினார். வலிப்பு, வாயடைப்பு, காரணமின்றி உறுப்புச் செயலிழத்தல் முதலிய குறிகளோடு தம்மிடம் வந்த நோயாளிகள் குழந்தைப் பருவத்தில் பாலியல் கொடுமைக்கு உட்பட்டவர்கள் என்று அதில் அவர் கூறினார். சக மருத்துவர்கள் அதனை விரும்பவில்லை. அடுத்த ஆண்டிலேயே அவரும் அக்கொள்கையிலிருந்து விலகத் தொடங்கினார். நோயாளிகள் கூறியவற்றுள் பெரும்பகுதி அவர்தம் கற்பனை என்ற எண்ணம் நெடுங்காலம் மருத்துவ உலகில் நிலைத்தது.

மனக்காயம் உண்மையானது என்பதை உலகம் ஒப்புக்கொள்ளப் போர்வீரர்கள் வரவேண்டியிருந்தது. முதல் உலகப் போரில், உடலில் ஒரு கீறலும் இல்லாத வீரர்கள் நடுங்கினர், பேச்சிழந்தனர், உறக்கத்தில் அலறினர். 1915ஆம் ஆண்டில் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் இதனைக் 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரால் எழுதினார். வெடிகுண்டின் அதிர்வு மூளையைத் தாக்கியதே காரணம் என்று முதலில் கருதினர். குண்டு விழுந்த இடத்தின் அருகிலேயே இல்லாதவர்களுக்கும் அதே குறிகள் தோன்றக் கண்டபின் அவ்விளக்கம் தளர்ந்தது. தப்ப வழியில்லாத பேரச்சமே அந்நோயின் வித்து என்பது புலப்பட்டது. வியத்நாம் போருக்குப் பின், 1980ஆம் ஆண்டில், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதனைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது.

போர்க்களத்தில் கண்டதை வீட்டிலும் காண மருத்துவர்கள் மெல்லத் துணிந்தனர். 1962ஆம் ஆண்டில் ஹென்றி கெம்பே என்னும் குழந்தை மருத்துவரும் அவருடைய தோழர்களும், பெற்றோராலேயே அடிபட்ட குழந்தைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். வெவ்வேறு காலங்களில் முறிந்து ஆறிய எலும்புகளை எக்ஸ்ரே படம் காட்டிக்கொடுத்தது. பெற்றோர் இவ்வாறு செய்வர் என்று நம்ப மருத்துவர்களுக்கே மனம் வருவதில்லை என்பதையும் அக்கட்டுரை எடுத்துரைத்தது. 1979ஆம் ஆண்டில் லெனோர் வாக்கர் என்னும் உளவியல் அறிஞர், கணவரால் அடிக்கப்பட்ட பெண்களின் அனுபவங்களைத் தொகுத்தார். அக்கொடுமை பெரும்பாலும் ஒரு சக்கரம்போல் சுழல்கிறது என்றார்: முதலில் புகைச்சல், பின்னர்த் தாக்குதல், அதன்பின் மன்னிப்பும் கொஞ்சலும், பிறகு மீண்டும் புகைச்சல். எல்லாக் குடும்பத்திலும் இவ்வொழுங்கு காணப்படுவதில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியுள்ளனர். எனினும் 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று பழமொழி கூறும் தமிழர்க்கு இச்சக்கரம் புதிதன்று. நாம் அதனை ஆறுதலாகச் சொல்லி வந்தோம். அவ்வணைப்பே பெண்ணை மறுமுறை அடிபடும் வரை அவ்வீட்டில் கட்டி வைக்கும் கயிறாகவும் ஆகலாம் என்பதை வாக்கர் காட்டினார்.

அடி ஒன்றே கொடுமை என்று எண்ணுதல் கூடாது. ஒருவரை நாள்தோறும் பிறர் முன்னிலையில் இழித்துரைப்பது ஒரு வகை. பிறந்த வீட்டாரோடும் அண்டை அயலாரோடும் பேசவொட்டாமல் தனிமைப்படுத்துவது ஒரு வகை. சம்பாதித்த பணத்தைப் பறித்துக்கொள்வதும், காய்கறிக்குக்கூடக் கணக்குக் கேட்டுக் கைந்நீட்ட வைப்பதும் பொருள்வழிக் கொடுமை. விருப்பமில்லாதவரை உடலுறவுக்கு வற்புறுத்துவது, மணமானவரிடத்திலும் கொடுமையே. நடந்ததை நடக்கவில்லை என்றும், கேட்டதைக் கேட்கவில்லை என்றும் ஓயாது மறுத்து, ஒருவர் தம் அறிவையே ஐயுறும்படி செய்வது மிக நுட்பமான வகை. குழந்தைக்கும் முதியோருக்கும் உணவையும் மருந்தையும் அன்பையும் தராமல் புறக்கணிப்பது, ஒன்றும் செய்யாமலே இழைக்கும் கொடுமை. இவற்றுள் பலவற்றில் காவலர் குறித்துக்கொள்ளத்தக்க அடையாளம் எதுவும் இராது. தீயினால் சுட்ட புண்ணைவிட நாவினால் சுட்டது ஆறாது என்ற கருத்தைத் திருவள்ளுவர் அடக்கமுடைமை அதிகாரத்தில் வைத்தார். நாவுக்கு உரியவரை அவர் எச்சரித்தார். சுடப்பட்டவரின் மனத்துள் என்ன நிகழ்கிறது என்பதை இக்கால உளவியல் ஆராய்ந்தது.

அங்கு நிகழ்வது யாது? இடைவிடாத அச்சத்தில் வாழ்பவரின் உடல் எப்போதும் விழிப்பாகவே இருக்கிறது. கதவு திறக்கும் ஓசைக்கும், மாடிப்படியில் கேட்கும் காலடிக்கும் நெஞ்சு படபடக்கும். உறக்கம் கெடும், நினைவு தடுமாறும். தலைவலி, நெஞ்செரிச்சல், கைகால் குடைச்சல் என்று மருந்துக்கு அகப்படாத நோய்கள் தொடரும். சிலர் உணர்ச்சியே மரத்துப்போனவர்போல் ஆகிவிடுவர். 'என்னிடந்தான் குறை' என்ற எண்ணம் வேரூன்றும். தன்னைப் பழித்துக்கொள்வதில் ஒரு விபரீதமான ஆறுதலும் உண்டு. குறை தன்னுடையதாயின் தான் திருந்தினால் கொடுமை நின்றுவிடும் என்று நம்பலாம் அல்லவா?

'இவ்வளவு பட்டும் ஏன் அங்கேயே இருந்தாள்?' என்ற கேள்வியைக் கேளாத ஊர் இல்லை. 1967ஆம் ஆண்டில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்னும் இரு அறிஞர்கள் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனை இதற்கு ஓர் ஒளி தந்தது. தடுக்க முடியாத மின் அதிர்ச்சிக்கு மீண்டும் மீண்டும் உட்பட்ட விலங்குகளுள் பெரும்பாலானவை, பின்னர்த் தப்பும் வழி திறந்திருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. செயலின்மையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினர். ஐம்பது ஆண்டுகள் ஆராய்ந்தபின், 2016ஆம் ஆண்டில் அவ்விருவருமே அவ்விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினர். நீடித்த துன்பத்தில் சோர்ந்து அடங்குவது மூளையின் இயல்பான எதிர்வினை. தன் செயலால் நிலைமை மாறும் என்பதே கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்றனர். இது நம்பிக்கை அளிக்கும் முடிவு. துன்புற்றவரை மீட்க விரும்புவோர், அவர் சார்பில் எல்லாவற்றையும் தாமே முடிவு செய்துவிடுதல் கூடாது. சிறியனவாயினும் முடிவுகளை அவரே எடுக்கும்படி விட வேண்டும்.

குழந்தைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அடிபடும் குழந்தைக்குப் போக்கிடமும் அடிப்பவரே. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, இளமையில் பட்ட கொடுமை வகைகளின் எண்ணிக்கை கூடக்கூட, வளர்ந்தபின் மனச்சோர்வும், மதுப்பழக்கமும், தற்கொலை முயற்சியும், இதய நோயுங்கூட மிகுதியாகக் காணப்படுவதைத் தெரிவித்தது. அடியாத மாடு படியாது என்பது மாட்டுக்கும் பொருந்துமா என்பது ஐயம். குழந்தைக்குப் பொருந்தாது என்பது உறுதி.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நகரத்தில் பித்தர் காப்பகம் ஒன்று ஏற்பட்டது. 1925ஆம் ஆண்டில் அதன் பெயர் மனநோய் மருத்துவமனை என மாற்றப்பட்டது. அடைத்து வைக்கும் இடம் என்ற எண்ணம் நீங்கி, நோய் தீர்க்கும் இடம் என்ற எண்ணம் புகுந்ததை அப்பெயர் மாற்றம் காட்டிற்று. 1954ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் இங்கே அகில இந்திய மனநல நிலையத்தை நிறுவியது. மருத்துவர் எம். வி. கோவிந்தசாமி அதன் முதல் இயக்குநர் ஆனார். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் மருத்துவமனையும் நிலையமும் ஒன்றாக இணைந்தன. இன்று நாடெங்கும் நிம்ஹான்ஸ் என அறியப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் அதுவே.

இதே நகரத்தில் 1979ஆம் ஆண்டில் விமோசனா என்னும் பெண்கள் அமைப்புத் தோன்றியது. விக்டோரியா மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் இளம் மனைவியர் ஒருவர்பின் ஒருவராக மாண்டுகொண்டிருந்தனர். ஏடுகளில் 'ஸ்டவ் வெடித்தது' என்ற குறிப்பே பெரும்பாலும் காணப்பட்டது. மண்ணெண்ணெய் அடுப்பு ஏன் மருமகளை மட்டும் தேடி வெடிக்கிறது என்று அவ்வமைப்பினர் வினவினர். 1990களில் இவ்விறப்புகளை ஒவ்வொன்றாக விசாரித்து வெளிப்படுத்தினர். விபத்து என்ற பெயருக்குள் வரதட்சிணைக் கொடுமையும் கொலையும் தற்கொலையும் மறைந்திருந்தன என்பது பலருக்கும் அப்போதுதான் தெரியவந்தது.

2003ஆம் ஆண்டில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர் பிரபா சந்திராவும் அவருடன் ஆய்வு செய்தோரும் வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. கடும் மனநோய்க்காக அங்கே சேர்க்கப்பட்டிருந்த 146 பெண்களிடம், பாலியல் வற்புறுத்தலுக்கு எப்போதேனும் உட்பட்டதுண்டா என்று தனிமையில் பரிவோடு கேட்டனர். ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆம் என்றார். வற்புறுத்தியவருள் கணவரே அதிகம் குறிப்பிடப்பட்டனர். ஆம் என்றவருள் பத்தில் அறுவர் அதற்குமுன் எவரிடமும் அதனைச் சொன்னதில்லை. மருத்துவமனைப் படுக்கைவரை வந்தும் சொல்லப்படாமல் கிடந்த துன்பம், ஒருவர் அமர்ந்து கேட்டபோது வெளிவந்தது. இவ்வரலாறு முழுவதிலும் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி இதுவே.

சட்டமும் இதற்கிடையே மாறிக்கொண்டு வந்தது. 1975ஆம் ஆண்டில் தாஸ்தானே வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய ஆங்கில அளவுகோலைப் பற்றி நிற்க வேண்டியதில்லை என்றது. இணைந்து வாழ்வது தீங்கு விளைவிக்கும் என்ற நியாயமான அச்சம் ஒருவர் மனத்தில் எழுந்தாலே, இந்துத் திருமணச் சட்டப்படி அது கொடுமையாகும் என்று கூறியது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கணவர் என்பதும், மனைவியின் கொடுஞ்சொற்களும் மிரட்டல்களுமே அங்கே ஆராயப்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கவை. 1983ஆம் ஆண்டில் தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு சேர்ந்தது. மனைவியின் உடல்நலத்துக்கு மட்டுமன்றி மனநலத்துக்குக் கேடு விளைவிக்கும் நடத்தையையும் அது குற்றமாக்கியது. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 85, 86ஆம் பிரிவுகளாக அமைந்துள்ளது.

2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2006ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், கொடுமையை நான்காகப் பகுத்துப் பெயரிட்டது: உடல்வழி, பாலியல்வழி, சொல்லும் உணர்வும் சார்ந்த வழி, பொருள்வழி. பிள்ளையில்லை என்றோ ஆண்பிள்ளையில்லை என்றோ ஏசுவதை அது வெளிப்படையாகவே எடுத்துரைக்கிறது. மனைவிக்கு மட்டுமன்றித் தாய்க்கும் மகளுக்கும் உடன்பிறந்தவளுக்கும் அது பாதுகாப்பளிக்கிறது. தண்டனையைத் தேடாமலே, வீட்டில் வசிக்கும் உரிமையையும் பாதுகாப்பு ஆணையையும் நீதித்துறை நடுவரிடம் பெறலாம். 2007ஆம் ஆண்டின் சட்டம் முதியோருக்குப் பராமரிப்பு உரிமை தந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்தது. 2012ஆம் ஆண்டின் சட்டம் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளுக்குக் காவல் அமைத்தது. 1860இல் சட்டம் காணாத புண் இவ்வாறு ஏடுகளில் இடம்பெற ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆயினும் ஏட்டில் இடம்பெற்றது வீட்டில் மறைந்துவிடவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான 18 முதல் 49 வயதுப் பெண்களுள் கணவரின் வன்முறைக்கு உட்பட்டோர் இந்திய அளவில் 29.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1, கர்நாடகத்தில் 44.4. வன்முறைக்கு உட்பட்ட பெண்களுள் உதவி நாடியவர்கள் நாடு முழுவதிலும் 14 விழுக்காட்டினரே. எஞ்சியவர்களுள் பெரும்பாலோர் எவரிடமும் வாய் திறக்கவே இல்லை. மாநிலங்களின் எண்களை ஒப்பிட்டுப் பெருமையோ சிறுமையோ கொள்வதைவிட, வாய் திறவாத அப்பெரும்பான்மையை எண்ணிப் பார்ப்பதே தகும்.

கேட்பவர் யார் என்பதே எஞ்சி நிற்கும் வினா. அவர் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அண்டை வீட்டாராக இருக்கலாம். பள்ளி ஆசிரியராக இருக்கலாம். பிறந்த வீட்டுத் தமையனாக இருக்கலாம். பிறர் இல்லாத வேளையில் கேட்க வேண்டும். 'நீ என்ன செய்தாய்?' என்று தொடங்காமல் 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்று தொடங்க வேண்டும். சொல்வதை நம்ப வேண்டும். 'கல்லானாலும் கணவன்' என்று உடனே அறிவுரை கூறி அவ்வாயை மீண்டும் அடைத்தல் ஆகாது. கொடுமை செய்பவரிடம் தூது சென்று நியாயம் பேசுவது பலவேளைகளில் ஆபத்தைக் கூட்டும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

நேயர்கள் குறித்துக்கொள்ளத்தக்க எண்கள் சில உள்ளன. பெண்களுக்கான உதவித் தொலைபேசி 181. குழந்தைகளுக்கானது 1098. முதியோருக்கானது 14567. உயிருக்கு உடனடி ஆபத்தாயின் 112. மனம் தாளாத வேளையில் பேசுவதற்கு, 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசாங்க சேவையின் எண் 14416. அச்சேவையைத் தலைமை தாங்கி வழிநடத்துவது பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனமே, தமிழிலும் பேசலாம். இவ்வெண்களை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைத்தால், வீட்டுக்கு வருவோர் எவரேனும் ஒருவர் கண்ணில் அது படக்கூடும்.